கவருக்குள் கிராம்பு

நாகர்கோவில்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மக்கா,

நல்லா இருக்கியா? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். வடசேரி சித்தி வழக்கம்போல உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள், நானும் வழக்கம்போல மழுப்பினேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்தக் காலத்தில் தபால் போட்டு வியாபாரமாலே?" என்று சிரித்தாயே, அந்தத் தபாலுக்குப் பதில் வர ஆரம்பித்திருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் புகுந்து கெடுப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மாறாமலைக் கிராம்பை விற்க அத்தான் படும் பாடு உனக்குத் தெரியும். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஆனால் வாங்குகிறவன் குறியீட்டையா மோந்து பார்ப்பான்? வாட்ஸ்அப்பில் படம் போட்டார். நீல டிக் விழும், அத்தோடு சரி. படத்தில் எல்லாக் கிராம்பும் ஒரே மாதிரிதான். மணம்தானே சரக்கு, அது போனில் எப்படிப் போகும்?

ஆகவே மசாலாக் கம்பெனிகளுக்குத் தபாலிலேயே கிராம்பை அனுப்பலாம் என்று, கவருக்குள் நாலைந்து கிராம்பைப் போட்டு முதலில் எங்கள் விலாசத்துக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தோம். தபாலாபீஸில் முத்திரையை எப்படி ஓங்கிக் குத்துவார்கள் என்று நீ பார்த்திருப்பாய். ஸ்டாம்புக்கு அடியில் கிடந்த கிராம்பு நொறுங்கி, எண்ணெய் ஊறி, மூலையில் பழுப்பாக ஒரு வட்டம். அத்தான் முகம் வாடிப்போனது. எனக்கோ சந்தோஷம். தபால்காரர் கவரை நீட்டும்போதே "என்ன சார், பிரியாணியா?" என்று கேட்டுவிட்டார்! இப்போது கிராம்பைச் சின்னக் காகிதத்தில் மடித்து, ஸ்டாம்புக்கு எட்டாமல் இடதுபக்கம் கீழே வருகிற மாதிரி ஒட்டுகிறோம். கவர் கொஞ்சம் புடைத்துக்கொண்டு இருக்கும், அதுவும் நல்லதுதான். உள்ளே என்ன என்று தடவிப் பார்த்தவன் பிரிக்காமல் வைப்பானா? 20 கிராமுக்குள் 5 ரூபாயோடு முடிந்தது.

விலாசம் எழுதுவது அக்கா மகள், நீல மையில், குண்டுக் குண்டு எழுத்தில். அச்சடித்த லேபிள் என்றால் கணக்குப்பிள்ளையே கிழித்துப் போட்டுவிடுவார், கையெழுத்து என்றால் முதலாளி மேஜைக்குப் போகும். உள்ளே பெரிய புராணம் ஒன்றும் இல்லை. 'உங்கள் கடைக் கிராம்பில் ஒன்று, இதில் ஒன்று, இரண்டையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள், எதில் எண்ணெய் கசிகிறது?' அவ்வளவுதான். கூடவே எங்கள் விலாசம் எழுதிய 50 பைசா கார்டு. எத்தனை கிலோ என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டால் போதும். தபால்துறையின் பிசினஸ் ரிப்ளை அட்டை என்றால் திரும்பி வருகிற அட்டைக்கு மட்டும் நாம் காசு கட்டினால் போதும், ஆனால் அதற்கு அனுமதி வாங்கி அலைய இப்போது நேரமில்லை.

நீ அடிக்கடி ஒப்பிப்பாயே, தபால் விளம்பரத்துக்கு எட் மேயர் என்கிற அமெரிக்கர் சொன்ன 40-40-20 கணக்கு. பலன் நூறு என்றால், யாருக்கு அனுப்புகிறாய் என்பதற்கு 40, என்ன தருகிறாய் என்பதற்கு 40, ஜோடனைக்கு வெறும் 20. அதை நம்பித்தான் கோட்டாறு சந்தையில் ஒரு கடையில் உட்கார்ந்து மசாலா பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரும் விலாசமும் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம், அதைப் பார்த்து எழுதியதுதான் நம் லிஸ்ட். காசு கொடுத்து வாங்குகிற விலாச லிஸ்ட்டில் பாதிப்பேர் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள். இந்த லிஸ்ட்டில் இருப்பவன் கிராம்பு வாங்கியே தீர வேண்டியவன். கடைக்காரர்தான் என்னை உணவுத்துறை ஆள் என்று நினைத்து சாயா வாங்கிக் கொடுத்தார்.

இனி சண்டைக்கு வருவோம். கவர் மூலையில் மஞ்சள் தடவலாம், கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து உடனே பிரிப்பார்கள் என்றார் அத்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாசம் சித்திக்கு ஒரு காக்கிக் கவர் வந்தது. சிவப்பில் 'இறுதி அறிவிப்பு', கீழே ஏதோ முத்திரை மாதிரி. பிள்ளை வாங்கிய கடனுக்கு ஜப்தி என்று பயந்து, அதைப் பிரிக்காமலே சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் போய்ப் பிரித்தால் மனை விற்பனை விளம்பரம். மக்கா, அந்த ஆளும் உன்னை மாதிரி விளம்பரப் படிப்புப் படித்தவன்தானே? கவனத்தை ஈர்த்துவிட்டான், இல்லையா? சித்திக்கு இன்னும் தபால்காரர் மணி கேட்டால் திக்கென்கிறது. அத்தான் கேட்கிறார், மஞ்சள் தடவினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று. மொய்க் கணக்கு நோட்டை எடுத்துவிட்டுப் பிரிக்கிறவன் நம்மை வாழ்த்துவானா? கிராம்பு மணக்கிறது, பிரித்தால் உள்ளே கிராம்புதான் இருக்கிறது. நமக்கு அது போதும்.

உன்னிடம் இதைச் சொல்வது வீண். பத்துப் பேருக்கு எழுதிப் போடாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று கார்டு போட்டு, எட்டாம் வகுப்பில் பாதிப்பேரைக் காய்ச்சலில் படுக்க வைத்தவன் நீ. கணக்கு வாத்தியாருக்கும் ஒன்று போட்டது யார் என்று இன்றுவரை நான் சொல்லவில்லை, கேட்டியா.

கோயம்புத்தூர்ப் பக்கம் பல்பொடி, பேக்கரி பாக்கெட் எது கண்ணில் பட்டாலும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. விலாசம் தெளிவாகத் தெரியட்டும், போன தடவை மாதிரி உன் கட்டைவிரலை எடுத்து அனுப்பாதே.

உன் பழைய பெஞ்சுக்காரன்