குஞ்செல்லாம் ஆணாகிப் போவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வண்ணமீன் கட்டுரையில், குள்ள சிக்லிட்டுகள் என்ற சின்னத் தொட்டி மீன்களுக்கு ஜோடி கிடைக்காததற்குக் காரணம் கடைக்காரர்கள் பெண் மீன்களைப் பதுக்குவதுதான் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. கொளத்தூரில் பத்து வருடமாக மொட்டை மாடியில் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கிறேன். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தண்ணீரே மாற்றுகிறது; அது செய்யும் வேலைக்குக் கடைக்காரர்கள் மேல் பழி போடலாமா?

போன மே மாதம் என் காக்கட்டூ அபிஸ்டோகிராமா என்ற குள்ள சிக்லிட் கொட்டாங்குச்சிக்குள் முட்டை வைத்தது. தண்ணீர் 31 டிகிரி. நாற்பது குஞ்சு தேறின. மூன்றாம் மாதம், ஒவ்வொன்றாக, ஆணுக்கு அடையாளமான முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நீள நீள, எனக்குப் பக்கென்றது. மஞ்சளாக நிறம் ஏறிய பெண் நான்கே நான்கு. அதே ஜோடி மார்கழியில் வைத்த முட்டைகளை ஹீட்டர் போட்டு 26 டிகிரியிலேயே வளர்த்தேன். ஏறக்குறைய சரிபாதி வந்தது.

ஜெர்மனியில் உவே ரோமர், பைசென்ஹெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதையே 23, 26, 29 டிகிரியில் வளர்த்துப் பார்த்து 1996இல் வெளியிட்டார்கள். 37 அபிஸ்டோகிராமா இனங்களில் 33இல் ஆண் பெண் கணக்கைச் சூடு மாற்றியது. சூடு ஏறினால் ஆண் கூடும். முட்டை வைத்து முப்பது நாற்பது நாளுக்குள் எல்லாம் முடிவாகிவிடும். அப்புறம் கடைக்காரர் என்ன செய்ய முடியும்?

கிரிபென்சிஸ் என்ற இன்னொரு குள்ள சிக்லிட்டின் கதை வேறு. நைஜீரியாப் பக்கத்து மீன். அதற்குத் தண்ணீரின் அமில அளவைக் காட்டும் பிஎச்தான் முக்கியம்; பிஎச் குறைந்தால் அமிலம் கூடுதல். அமிலத் தண்ணீரில் ஆண் கூடும், அமிலம் குறையக் குறையப் பெண் கூடும். எங்கள் போர் தண்ணீர் 7.8. அதில் வயிறு சிவந்த பெண்களாகவே வருகின்றன. கட்டுரையோ எல்லா சிக்லிட்டுக்கும், பிஎச்சை இறக்கும் நாட்டு வாதாம் இலை போடச் சொல்கிறது. கடினமான போர் தண்ணீரில் இலை மட்டும் போட்டால் பிஎச் அவ்வளவாக இறங்காது, சரி. மழைநீர் பிடித்து அதில் இலை போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டு கிரிபென்சிஸ் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகத்தான் போகும்.

அந்தக் குறிப்பைத் திருத்தி, எந்த மீனுக்கு முதல் நாற்பது நாள் எத்தனை டிகிரி, எவ்வளவு பிஎச் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். சித்திரை வெயிலுக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர்,
கொளத்தூர், சென்னை