நட்சத்திரம் போடுவதற்கு முன்னால்

கோத்தகிரி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி மழையோடு வரும், மழையோடு போகும் என்பது உனக்குத் தெரியும். மழைதான் இன்னும் போகிற வழியைக் காணோம். கூடலூர்ப் பக்கம் ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது, நமக்கு ஐப்பசிதான். நூலகத்தில் குழந்தைகள் அலமாரி வடக்குச் சுவரை ஒட்டி இருப்பதால் அட்டையெல்லாம் ஊறிப்போய், புரட்டினால் பக்கம் இரண்டிரண்டாக வருகிறது. நடுவில் கொஞ்சம் வெயில் தலைகாட்டியபோது வராண்டாவில் பெஞ்சு போட்டு எல்லாவற்றையும் விரித்து நிறுத்தி வைத்தேன். பள்ளி விட்டு வந்த வாண்டுகள் பெஞ்சிலேயே நின்றபடி படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அலமாரிக்குள் இருக்கும்போது யாரும் தொடாத புத்தகங்கள்கூட அன்றைக்கு ஓடின.

நீ அனுப்பிய இரண்டு விமர்சனங்களையும், படத்துக்கு எழுதியதையும் சிறுவர் நாவலுக்கு எழுதியதையும், படித்தேன். போனில் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு கண்ணு" என்றேன். அதற்கு மேல் போனில் சொன்னால் சண்டைக்கு வருவாய், அதனால் கடிதம்.

தமிழ் நன்றாக இருக்கிறது, பிழை இல்லை. ஆனால் அந்த மாயாஜாலப் படத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்து முடித்த பிறகும் அதில் என்ன மாயம், யாருக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கிராபிக்ஸ் பிரமாதம், இரண்டாம் பாதியில் தொய்வு, குழந்தைகள் ரசிப்பார்கள், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். படத்தின் பேரை மாற்றிவிட்டு இதை அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போகிற படத்துக்கும் போடலாம்.

படம் பார்த்த ராத்திரி நீ என்னிடம் போனில் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பையன் கட்டியிருக்கிற தாயத்து இருட்டில்தான் வேலை செய்யும் என்று முதல் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டு, கிளைமாக்சில் பட்டப்பகலில் அதை வைத்தே வில்லனைத் தூக்கி அடிக்கிறான் என்று கொதித்தாய். "அப்போ எதுக்குப்பா விடியறதுக்குள்ள ஓடு ஓடுன்னு அவ்வளவு நேரம் ஓடினான்?" என்று கேட்டாய். அதுதான் விமர்சனம். எழுத உட்கார்ந்தபோது அது எங்கே போனது?

ஆறாம் வகுப்பில் நீ இதைவிட நன்றாக எழுதினாய். கோபப்படாமல் கேள். எடுத்த புத்தகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த புத்தகம் என்று உனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அது கிடையாது என்று அழுதுகொண்டேதான் எழுதுவாய். அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழைய அம்புலிமாமா பைண்டு ஒன்றைப் படித்துவிட்டு எழுதியதை அப்படியே தருகிறேன்:

"வேதாளம் கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். ராஜா தெரியாத மாதிரி நடிக்கலாமே? நடித்தால் வேதாளத்துக்குத் தெரியுமா, தலைக்குத் தெரியுமா?"

தலைக்குத் தெரியுமா என்று கேட்டாயே, அதற்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. மாயக் கதைக்கு உயிரே அதன் சட்டம்தான். பேசினாலும் மாட்டுவான், பேசாவிட்டாலும் மாட்டுவான் என்ற அந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறைக்குக் கதை ஓடியிருக்கிறது பார். பழைய கதைவரிசையில் அது எப்படி முடிகிறது தெரியுமா? ஒரு அப்பன், ஒரு மகன். இன்னொரு பக்கம் ஒரு தாய், ஒரு மகள். அப்பன் மகளைக் கட்டுகிறான், மகன் தாயைக் கட்டுகிறான். இரண்டு ஜோடிக்கும் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலையும் வெடிக்கவில்லை, மௌனமும் கலையவில்லை. போட்ட சட்டத்தை மீறாமல் அதற்குள்ளேயே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டான் கதை சொன்னவன். உன் தாயத்துப் படத்தில் இல்லாதது இதுதான். இதை எழுதியிருந்தால் நட்சத்திரமே தேவைப்பட்டிருக்காது.

அம்புலிமாமா என்றதும் இன்னொன்று. அதை 1947 ஜூலையில் தொடங்கிய நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் பிறகு விஜயா பேனரில் பாதாள பைரவியும் (1951) மாயாபஜாரும் (1957) எடுத்தார்கள். குழந்தைகளுக்கு மாதாமாதம் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எடுத்த படங்கள் என்பது பார்த்தாலே தெரியும். மாயாபஜாரை உனக்கு நான் போட்டுக் காட்டியபோது நீ சிரித்தது லட்டெல்லாம் கடோத்கஜன் வாய்க்குள் தானாகப் போகிற இடத்தில். எனக்கு அதைவிடப் பெரிய மாயம் சாவித்திரிதான். கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி வந்திருக்கிறான். பார்ப்பதற்கு வத்சலா, உள்ளே இருப்பது கடோத்கஜனாக நடித்த ரங்காராவ். அந்தத் தோளை ஆட்டுகிற விதத்தையும் நடையையும், மணமேடையில் மாப்பிள்ளையைப் படுத்துகிற பாட்டையும் பார். எந்த கிராபிக்ஸும் இல்லாமல் ஒரு பெண் ஒரு ராட்சசனாகிறாள். பாரதக் கதை என்கிறார்கள், ஆனால் பாண்டவர்கள் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. அந்த வத்சலா-அபிமன்யு கல்யாணமே வியாசர் எழுதாதது, ஜனங்கள் கட்டிய கதை. இதையெல்லாம் பார்த்துச் சொல்வதற்குத்தான் விமர்சகர் வேண்டும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்குப் பக்கத்து சீட்டுக்காரரே போதும்.

கிராபிக்ஸ் பிரமாதம் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு உறுத்துகிறது. 1984-இல் மை டியர் குட்டிச்சாத்தான் வந்தபோது எங்கள் மாமா என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்க் காட்டினார். இந்தியாவின் முதல் 3டி படம், கண்ணாடி கொடுத்தார்கள். திரையிலிருந்து நீட்டிய ஐஸ்கிரீமைப் பிடிக்க நானும்தான் கையை நீட்டினேன். ஆனால் அதைவிட அதிகமாக மனதில் நின்றது, பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கி வருகிற பாட்டு. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அறையையே சுற்றுகிற மாதிரி செட் போட்டு எடுத்தார்கள் என்று. பிள்ளைகள் தரையில்தான் நடந்திருக்கிறார்கள், அறைதான் சுற்றியிருக்கிறது. யார் செய்தது, எப்படிச் செய்தது, கதையில் அது எதற்கு வருகிறது என்று மூன்று வரி எழுதினால் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். பிரமாதம் என்று எழுதினால் பஸ் டிக்கெட் மாதிரி கசக்கிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவான்.

சரி, அந்த நாவலுக்கு வருகிறேன். "குழந்தைகளுக்கு ஏற்ற நல்ல கருத்து" என்று முடித்திருக்கிறாய். போன வாரம் நூலகத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுப் பெண், எட்டு வயது இருக்கும், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படக்கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முயல், கரடி, காணாமல் போன கூடை. கூடை கிடைத்ததும் பட்டென்று மூடி, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றாள். இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதில்தான் கருத்து இருந்தது. தம்பியும் மிச்சம் எங்கே என்று கேட்கவில்லை, அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினான். உன் நாவலில் அப்படிப்பட்ட பக்கங்கள் எத்தனை, அவற்றைத் தாண்டி ஒரு பிள்ளை உள்ளே போகுமா என்பதை எழுதியிருந்தால் என்னைப் போல வாங்கி வைக்கிறவனுக்கு உதவும்.

இன்னொரு குறையும் உண்டு. எழுத்தாளர் பேரைத் தவிர ஒருவர் பேரும் உன் கட்டுரையில் இல்லை. படம் வரைந்தது யார்? விக்கிரமன் வாளும் கையுமாகத் தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிற அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் இல்லாமல் நம்மில் யாருக்கு வேதாளம் ஞாபகத்தில் நின்றிருக்கும்? மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பேர் வேண்டும். மலையாளத்திலிருந்து யூமா வாசுகி கொண்டுவந்த சிறுவர் புத்தகங்களை நீயே தேடித்தேடிப் படித்தவள்தானே. எழுத்தின் அளவு, தாள், விலை இதெல்லாமும் எழுது. பெரியவர்கள் புத்தகத்துக்கு விட்டுவிடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொடி எழுத்தில் அச்சடித்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். இரவல் பதிவேட்டைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

இப்போது ஒரு சின்னப் பையன் கதை. 1936-இல் லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளருக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. பேராசிரியர் ஒருவர் எழுதிய குழந்தைகள் கதை. குழந்தைகள் புத்தகத்தைக் குழந்தைதான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அன்வினின் கொள்கை. பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார், படித்து எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் கதைச் சுருக்கத்தை எழுதிவிட்டு, வரைபடங்கள் இருந்தால் போதும், வேறு படங்கள் வேண்டாம், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்தான். தான் பத்து வயதுப் பெரிய மனிதன் என்ற மிதப்பைக் கவனித்தாயா! அடுத்த வருஷம் அந்தப் புத்தகம் வந்தது, டோல்கீனின் ஹாபிட். படங்கள் வேண்டாம் என்று பையன் சொன்னதைக் கேட்காமல் டோல்கீன் வரைந்த படங்களோடுதான் வந்தது. வயதுக் கணக்கும் சரியில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் கதைக்குள் யார் யார், என்ன நடக்கிறது என்று எழுதி, நன்றாக இருக்கிறது என்று அவன் நேராகச் சொன்னதே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ரேனர்தான் வளர்ந்து அப்பாவின் கம்பெனியிலேயே சேர்ந்து, டோல்கீனின் அடுத்த பெரிய புத்தகத்தைப் போடலாமா என்று அப்பாவுக்கு எழுதினார். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம், ஆனால் இது மேதையின் படைப்பு என்று எழுதினார். நீ அப்படி நம்பினால் ஆயிரம் பவுண்டு இழக்கலாம் என்று அப்பா பதில் போட்டார். எனக்கு அந்த அப்பாவை ரொம்பப் பிடிக்கும். என்னிடம் ஆயிரம் பவுண்டு இல்லாததால் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுகிறேன்.

அப்புறம், கட்டுரை நடுவில் நம் ஊரில் மாயக் கதைக்கு மண் இல்லை, அதனால்தான் எல்லோரும் வெளிநாட்டைப் பார்த்து எடுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீலகிரியில் பிறந்துவிட்டு இதை எழுதலாமா? ஓன் என்ற தெய்வம் குந்தா மலை உச்சியில் நின்று பூமிக்குள்ளிருந்து எருமைகளை வெளியே வரவழைத்ததாகத் தோடர்கள் சொல்வார்கள். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்தான், அவன்தான் முதல் தோடன். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-லேயே புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டார். இதைக் காட்டிலும் நல்ல முதல் காட்சியை எந்தப் படத்தில் பார்த்தாய்? இல்லாதது மண் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் எனக்காக எடுத்துவிடு, மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

நாவல் கட்டுரையை விடு, அது போகட்டும். படத்துக்கு எழுதியதை மட்டும் இன்னொரு தரம் எழுதிப் பார், தாயத்திலிருந்து ஆரம்பி. நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னாய், அனுப்ப மாட்டேன். வந்து படி. சின்ன வயதில் ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிய இரண்டாம் சனிக்கிழமைகளில் எழுதியதும் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் டிராகனின் பல்லை எண்ணியிருக்கிறாய்.

தீபாவளிக்கு வரும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் போன் பண்ணு. இந்த மழைக்குக் கோத்தகிரி ரோட்டில் எங்கேயாவது மண் சரிந்திருந்தால் குன்னூர் வழியாகத்தான் சுற்றி வர வேண்டியிருக்கும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காமல் மேலே வை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா