முதல் நான்கு சனிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுங்கள்: எஃப்ஆர்எம் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் எஃப்ஆர்எம் என்ற நிதி ரிஸ்க் மேலாளர் தேர்வுக்கு வகுப்பு நடத்தும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் தேர்வுக்கான வார இறுதி பேட்ச் விளம்பரம் மறுபடியும் வந்துவிட்டது. "சிஎஃப்ஏ முடித்தவரா? பாதி சிலபஸ் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!" அதே வரி, அதே ஆச்சரியக்குறி. (சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வாளர்களுக்கான மூன்று லெவல் தேர்வு.) அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் ரிசல்ட் வந்ததும் பாடவாரியான குவார்ட்டைல் எண்களை (எழுதியவர்களை நான்கு பங்காகப் பிரித்தால் எந்தப் பங்கில் நின்றார்கள் என்பது) உங்களிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எனவே பழைய கதை உங்களுக்குத் தெரியும். கேட்பது ஒன்றுதான்: சிஎஃப்ஏ முடித்தவர்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். எதை விடலாம், எதைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள்.

சிறுசேரியிலிருந்தோ போரூரிலிருந்தோ சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து தி.நகர் வந்து சேருகிறவருக்கு முதல் நான்கு வாரம் என்ன கிடைக்கிறது? நிகழ்தகவு, நார்மல் டிஸ்ட்ரிபியூஷன், ஹைப்பாதிசிஸ் டெஸ்ட், பாண்டு விலை, வட்டி மாறினால் அந்த விலை எவ்வளவு அசையும் என்று அளக்கும் டியூரேஷன். எல்லாமே சிஎஃப்ஏ முதல் லெவலில் கரைத்துக் குடித்தவை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் புதியவருக்கு அவை அவசியம், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் கார்ச் (மாறிக்கொண்டே இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் மாடல்), காப்புலா (பல ரிஸ்க்குகள் எப்படிச் சேர்ந்து நகரும் என்ற கணக்கு), மாண்டி கார்லோ (தற்செயல் எண்களைப் போட்டுப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது) என்று வரும்போது நேரம் தீர்ந்துபோகிறது. மூன்று வகுப்புக்குரிய பாடம் ஒரே மதியத்தில் ஓடுகிறது. சந்தேகம் கேட்டால், "நீங்கதான் சிஎஃப்ஏ ஆச்சே சார்" என்ற பதில். தெரிந்ததைச் சொல்லித்தர நான்கு சனிக்கிழமை இருந்தது. தெரியாததைச் சொல்லித்தர அரை மணி நேரம் இல்லை.

எவ்வளவு பொருந்துகிறது என்பதை நேர்மையாகப் பார்ப்போம். எஃப்ஆர்எம்மின் இரண்டு பார்ட்டில் முதலாவதான பார்ட் ஒன்னில் ரிஸ்க் அடிப்படைகள் 20%, குவான்ட் (புள்ளியியல் கணக்கு) 20%, சந்தைகளும் புராடக்ட்டுகளும் 30%, மதிப்பீடும் ரிஸ்க் மாடல்களும் 30%. ஃபார்வர்டு, ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன், பைனாமியல் மரம், பிளாக்-ஷோல்ஸ், கான்வெக்ஸிட்டி இவையெல்லாம் பழகிய முகங்கள். ஆனால் சிஎஃப்ஏவில் மாதக்கணக்கில் உழைத்த நிதி அறிக்கை ஆய்வும் ஈக்விட்டி மதிப்பீடும் இங்கே ஏறக்குறைய செல்லாக்காசு. பாண்டிலும் டியூரேஷனோடு கதை முடிவதில்லை. டிவி01 (வட்டி 0.01% அசைந்தால் விலை எவ்வளவு மாறும் என்பது), கீ ரேட் (வெவ்வேறு தவணைக்கால வட்டிக்குத் தனித்தனியாக அதே கேள்வி) என்று கணக்கு நீளும். குறையில்லாமல் எடுத்துவரக்கூடிய ஒரே பொருள் கால்குலேட்டர்தான்: பிஏ டூ பிளஸும் ஹெச்பி 12சியும் இரண்டு தேர்விலும் அனுமதி.

"கொஞ்சம் ரிவிஷன் போதும்" என்று நீங்கள் தாண்டிப் போகும் இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு ஈடபிள்யூஎம்ஏ (அண்மை நாட்களுக்கு அதிக எடை கொடுத்து ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் முறை) கணக்கு ஒன்று போதும். நேற்றைய வொலட்டிலிட்டி (ஏற்ற இறக்க அளவு) 1%, நேற்றைய ரிட்டர்ன் 2%, லாம்டா (பழைய மதிப்புக்குத் தரும் எடை) 0.94. வர்க்கப்படுத்தி வேரியன்ஸில் (வொலட்டிலிட்டியின் வர்க்கத்தில்) போட்டால் 0.94 × 0.0001 + 0.06 × 0.0004 = 0.000118, வர்க்கமூலம் எடுத்தால் 1.086%. வர்க்கப்படுத்தாமல் நேராக எடை போட்டால் 1.06%. கேள்வி அமைப்பவருக்கு இந்தத் தவறு நன்றாகத் தெரியும்; இரண்டு விடையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கார்ச்சுக்கு மூத்த மாடலான ஆர்ச் என்ற பெயரை எங்கோ பார்த்த ஞாபகம் இங்கே கைகொடுக்காது. கையால் இருபது கணக்கு போட்டிருக்க வேண்டும்.

கிரெடிட் ரிஸ்க்கிலும் இதே கதை. 10 கோடி ரூபாய் கடன், பிடி (கடன் திரும்பாமல் போகும் வாய்ப்பு) 2%, எல்ஜிடி (அப்படிப் போனால் நஷ்டமாகும் பங்கு) 45%. எதிர்பார்க்கும் நஷ்டம் 9 லட்சம். இதைச் சிஎஃப்ஏ முடித்தவர் மனக்கணக்காகவே சொல்வார். எதிர்பாராத நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால்தான் தடுமாற்றம். எல்ஜிடியின் திட்ட விலக்கம் 20% என்றால், பிடி × 0.04 (20%-இன் வர்க்கம்) என்பதோடு எல்ஜிடியின் வர்க்கம் × பிடி × (1 − பிடி) என்பதைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கடன் தொகையால் பெருக்க வேண்டும். விடை சுமார் 69 லட்சம். முதல் பகுதியை மறந்தவருக்கு 63 லட்சம் வரும். அதுவும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

வேல்யூ அட் ரிஸ்க் (குறிப்பிட்ட வாய்ப்பளவில் நஷ்டம் எதைத் தாண்டாது என்ற மதிப்பீடு) கணக்கிடும் மூன்று முறைகளும் சிஎஃப்ஏவில் வந்துபோனவைதான். அந்த மதிப்பீட்டை நிஜ நஷ்டத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் பேக்டெஸ்டிங்? 250 நாளில், 99% அளவில், மீறல் (நஷ்டம் மதிப்பீட்டைத் தாண்டிய நாள்) 4 வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10 தொட்டால் சிவப்பு. மஞ்சளில் ஒவ்வொரு படிக்கும் வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனத்தின் பெருக்கி எவ்வளவு ஏறும் என்பதுவரை தெரிந்திருக்க வேண்டும். இதற்கு உங்கள் அட்டவணையில் தனி வகுப்பே கிடையாது.

மாக் டெஸ்டையும் பார்த்துவிடுங்கள். சிஎஃப்ஏ முதல் லெவலில் மூன்று விடை, ஒரு கேள்விக்கு 90 விநாடி. எஃப்ஆர்எம் பார்ட் ஒன்னில் நான்கு விடை, 4 மணி நேரத்தில் 100 கேள்வி, ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி. நேரம் தாராளம் என்று தோன்றும். கணக்கின் படிகளும் அதற்கேற்ப நீளம். பழைய வேகத்தில் ஓடுகிறவர் கேள்வியின் கடைசி வரியைப் படிக்காமல் விடுகிறார். அவருக்கு வேண்டியது நிதானப் பயிற்சி. நீங்கள் தருவதோ இன்னும் 500 கேள்விகள்.

"சிஎஃப்ஏ இருக்கிறதே, இரண்டு பார்ட்டையும் ஒரே சுற்றில் எழுதிவிடுங்கள்" என்றும் ஆலோசனை சொல்கிறீர்கள். பார்ட் ஒன்னில் தவறினால் பார்ட் டூ தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை அதே மூச்சில் ஏன் சொல்வதில்லை? கட்டிய தேர்வுக் கட்டணம் உங்களுடையது அல்ல என்பதாலா? பார்ட் டூவில் 10% எடையுள்ள நடப்புப் பிரச்சினைகள் பகுதியின் கட்டுரைகள் ஆண்டுதோறும் மாறும். போன வருட ஜெராக்ஸை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஆடித் தள்ளுபடியில் சேலை எடுத்தாலே தி.நகர்க் கடைக்காரர் பிரித்துக் காட்டுகிறார். 18% ஜிஎஸ்டி சேர்த்து வாங்கும் நீங்கள் பாடத்திட்டத்தைப் பிரித்துக் காட்ட மாட்டீர்களா?

வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் நல்ல ஆசிரியர்கள். 1993-இல் மெட்டால்கெசெல்ஷாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் ஏன் கவிழ்ந்தது என்பதை மார்ஜின் கால் (உடனே பணம் கட்டச் சொல்லும் கோரிக்கை) வரும் தேதியையும் லாபம் வரும் தேதியையும் போர்டில் கோடு போட்டு விளக்குகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தத் திறமை டியூரேஷனை இரண்டாம் முறை நடத்துவதில் வீணாகிறது என்பதுதான் ஆதங்கம்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம். அடுத்த பேட்ச் தொடங்குமுன் ஒரே ஒரு பக்கம்: இடப்பக்கம் விட்டுவிடலாம் என்பவை, வலப்பக்கம் புதிதாகப் படிக்க வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்ற எண். முதல் நான்கு சனிக்கிழமைகளில் சிஎஃப்ஏ முடித்தவர்களைத் தனி அறையில் உட்காரவைத்து நேராகக் கார்ச்சில் தொடங்குங்கள். தனி அறை கிடைக்காவிட்டால் அந்த நான்கு வாரக் கட்டணத்தையாவது கழித்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
சிஎஃப்ஏ முடித்து எஃப்ஆர்எம் எழுதப் போகிறவர்கள் சார்பில்