செயலாளரின் ஆண்டறிக்கை: கட்டை, குழல், வண்ணம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எந்தக் கூட்டம் என்றைக்கு நடந்தது, யார் தலைமை தாங்கினார் என்ற பட்டியலை இந்த முறை நான் போடவில்லை. எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பழைய பாணி லாங்ரைபிள் துப்பாக்கிகளைக் கையால் கட்டும் நம் பட்டறையில் என்ன நடந்தது, எது நன்றாக வந்தது, எதை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் பழைய கதை. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் வேட்டைத் துப்பாக்கியையும் அதைச் செய்யத் தெரிந்த கைகளையும் கொண்டுவந்தார்கள். அது குட்டையான, பருத்த குழல் கொண்ட யேகர் ரைபிள். இங்கே அது மெல்ல மெல்ல நீண்டு, குழலின் வாய் சிறுத்து, குழலைத் தாங்கும் மரக் கட்டை ஒல்லியாகி, நாம் இன்று செய்துகொண்டிருக்கும் லாங்ரைபிள் ஆனது. குண்டு சிறிதானால் ஈயமும் வெடிமருந்தும் மிச்சம். காட்டுக்குள் பல நாள் தங்குகிறவனுக்கு அது பெரிய விஷயம். லங்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட், நாசரேத் அருகே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங்கில் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினரின் பட்டறையை நடத்திய ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், அவருக்குப் பின் அங்கே பொறுப்பேற்ற கிறிஸ்டியன் ஆர்ட்டர் என்று பெயர்கள் நீளும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாயல் உண்டு. அடிக்கட்டையின் வளைவையும் அதில் குடைந்த சிறு பெட்டியின் பித்தளை மூடியின் வெட்டையும் பார்த்தே இது எந்த ஊர் வேலை என்று சொல்லிவிடுகிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஆர்ட்டர் 1775இல் செய்த ஒரு ரைபிளின் கதையை இந்த ஆண்டு ஒரு கூட்டத்தில் பேசினோம், இங்கேயும் பதிந்து வைக்கிறேன். பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் காட்சிக்கு வைத்திருந்த அந்தத் துப்பாக்கி 1971இல் திருடுபோனது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு எங்கே கிடந்ததோ, 2018இல் மீட்கப்பட்டு, அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. செய்தவரின் பெயரும் ஆண்டும் பொறித்த அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் மிகக் குறைவு. அப்படி ஒன்று திரும்பக் கிடைத்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அது அளவுகோல் கிடைத்த மாதிரி. மற்ற பெயரில்லாத துப்பாக்கிகளை அதன் பக்கத்தில் வைத்துத்தான் காலம் கணிக்க முடிகிறது.

சரி, பட்டறைக்கு வருவோம்.

இந்த ஆண்டு வேலையில் இறங்கிய எல்லோருக்கும் ஒரே வகைக் குழலைத்தான் பரிந்துரைத்தோம்: எண்பட்டைக் குழல், அடியில் தடித்து, நடுவில் இளைத்து, வாய்ப்பக்கம் மறுபடி கொஞ்சம் விரிவது, 50 காலிபர், அதாவது உள்விட்டம் அரை அங்குலம். நேரான பட்டைக் குழலை விட இதைக் கட்டைக்குள் பதிப்பது கஷ்டம்தான். ஆனால் 42, 44 அங்குல நீளத்தில் நேர்க்குழலைத் தூக்கினால் முன்பக்கம் கனத்து இழுக்கும், இதுவோ தோளில் வைத்ததும் சமநிலையில் நிற்கும். ஒரு முறை இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தவர் திரும்ப நேர்க்குழல் கேட்பதில்லை.

குழல் பதிப்பதில் எல்லோரும் படுகிற பாடு ஒன்றே. உளியால் குடைவது, குழலின் அடிப்புறத்தில் விளக்குக்கரி தடவி இறக்கிப் பார்ப்பது, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுவது, மறுபடி இறக்குவது. கொட்டாப்புளியால் தட்டி உள்ளே இறக்கிவிடலாம் என்று நினைத்தால் மெல்லிய உதடு பிளக்கும். கரி சொல்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் உளி வைக்கக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம்.

அதற்கு அடுத்து, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் கெட்டிக்கும் கோல் போகும் துளை. எட்டில் மூன்று பங்கு அங்குலத் துரப்பணம், நாலடி நீளம், அதைக் கட்டைக்குள் குழலுக்கு அடியில் நேராகச் செலுத்த வேண்டும். குழலுக்கும் துளைக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலம்தான் மரம் மிச்சம் இருக்கும். துரப்பணம் மரத்தின் வரியைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் போய்விடும். இந்த ஆண்டு ஓர் உறுப்பினருடைய அருமையான மேப்பிள் கட்டையில் அது குழல் பள்ளத்துக்குள் எட்டிப்பார்த்துவிட்டது. அதே மரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டிச் சரி செய்தோம். குழல் உட்கார்ந்த பிறகு அது வெளியே தெரியாது, வலிமையும் குறையாது, ஆகவே அவர் அந்தக் கட்டையைத் தொடர்ந்து செய்து முடித்தார், அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். இனி முதல் துப்பாக்கி செய்கிறவர்கள் குழல் பள்ளமும் கோல் துளையும் மட்டும் போட்டு வரும் கட்டையை வாங்கலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஆனால் லாக், அதாவது கல்லை அடித்துப் பொறி எழுப்பும் விசை, இருக்கும் இடத்தையும் முன்கூட்டியே குடைந்து வரும் கட்டை வேண்டாம். பொறி விழும் மருந்தை வைக்கும் லாக்கின் கிண்ணியும், அந்த நெருப்பு குழலுக்குள் போகும் சிறு துளையான பற்றுவாயும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பற்றுவாய் குழலின் அடியை அடைக்கும் மரைக்குச் சற்று முன்னால், கிண்ணியின் மேல்விளிம்பு மட்டத்தை ஒட்டி வர வேண்டும். லாக்கின் இடத்தை வேறு யாரோ தீர்மானித்துவிட்டால் இதைச் சரிக்கட்ட வழியே இருக்காது. சிக்கிமுக்கிக் கல் எவ்வளவு நல்ல பொறி கொடுத்தாலும் பற்றுவாய் தப்பான இடத்தில் இருந்தால் கிண்ணியில் மருந்து புகைந்ததோடு சரி, உள்ளே பற்றாது, அல்லது ஒரு நொடி தாமதித்துப் பற்றும். குறி போய்விடும்.

குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குழலின் அடியில் இருக்கும் காதுகளில் துளை வட்டமாக இருந்தால் போதாது, நீளவாக்கில் அரத்தால் இழுத்து நீட்ட வேண்டும். ஈரக்காற்றில் மரம் அசையும், இரும்பு அசையாது. இடம் விடாவிட்டால் ஆணி வளையும், இல்லை முன்கட்டை விரியும். இரண்டு பேர் இதைச் செய்யாமலே முடிப்பு வேலைக்கு வந்தார்கள், திருப்பி அனுப்பினோம்.

இந்த அறிக்கையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். நம்மில் பலருக்குச் செதுக்குவதில் ஆசை அதிகம். கன்னம் வைக்கும் மேட்டுக்குப் பின்னால் சுருள் கொடி ஓடவிட வேண்டும், பித்தளையில் பூ வெட்ட வேண்டும், வெள்ளிப் பிறை பதிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் பிடிப்பகுதி இன்னும் தடியாக இருக்கிறது, லாக்கைச் சுற்றி மரம் மூட்டையாகத் தொங்குகிறது, முன்கட்டை இரண்டு மடங்கு கனத்தில் இருக்கிறது, அதற்குள் கொடி வரைய உட்கார்ந்துவிடுகிறோம். பழைய துப்பாக்கிகளைப் பார்க்கும்போது முதலில் திடுக்கிட வைப்பதே அவை எவ்வளவு ஒல்லி என்பதுதான். நாசரேத் பக்கம் ஜேக்கப்ஸ்பர்க்கில் உள்ள லாங்ரைபிள் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். மரத்தை எடுக்கத்தான் தைரியம் வேண்டும். ஆகவே வரும் ஆண்டு முதல், கட்டையின் வடிவத்தை மூத்த உறுப்பினர் இருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே செதுக்கல் தொடங்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும், தெரியும். வரட்டும். செதுக்கலே இல்லாத, வடிவம் சுத்தமான ஒரு கட்டை என் கண்ணுக்கு எப்போதும் அழகு.

வண்ணமேற்றும் நாள் இந்த ஆண்டின் மிக நல்ல நாள். மேப்பிளில் புலிவரியை, புலித்தோல் போன்ற குறுக்கு வரிகளை, எழுப்ப இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலம்தான் பழைய முறை. அமிலத்தில் இரும்பைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதைத் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்தோம், இனியும் அப்படித்தான். அதற்கு முன் சுரண்டியால் கட்டையை இழைத்து, ஈரத்துணியால் துடைத்து, நிமிரும் நாரைச் சீவி, மறுபடி நனைத்துச் சீவியிருக்க வேண்டும். உப்புத்தாள் மரத்தின் மேல்பரப்பை மழுக்கிவிடும், சுரண்டி வரியைக் கூராக விடும். இரண்டையும் ஒரே துண்டில் செய்து காட்டியதும் வாதம் நின்றது. அமிலம் தடவிக் காய்ந்தபோது கட்டை அழுக்குப் பச்சையாக நின்றது. புதியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோனதும் பச்சை மறைந்து செம்பழுப்பு விரலடிக்கு விரலடி ஊர்ந்துவந்தது, வரிகள் ஒவ்வொன்றாக இருண்டு எழுந்தன. அப்புறம் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும். இதை விட்டால் பின்னாளில் மரம் கறுக்கும், உள்ளே குழலும் துருப்பிடிக்கும். காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அதே பலகையின் வெட்டுத்துண்டில் முதலில் சோதித்துப் பார்க்காமல் யாரும் கட்டையில் கை வைக்கக் கூடாது. ஒரு மரம் போல இன்னொரு மரம் நிறம் எடுக்காது.

குழலின் மேல் மெல்லிய துருப்படலம் ஏற்றிப் பழுப்பாக்கும் வேலையை ஜூலை, ஆகஸ்டில் செய்தவர்களுக்கு நன்றாக வந்தது, இங்கே அந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். குளிர்காலத்தில் செய்ய வேண்டுமானால் ஈரப்பெட்டி தேவை. சங்கத்துக்கென்று ஒன்று செய்துவிடலாம், செலவு அதிகமில்லை.

பாதுகாப்பு பற்றித் தலைவர் தனியாகப் பேசுவார். நான் சொல்வது இரண்டே. கருமருந்துத் துப்பாக்கியில் நவீனப் புகையில்லா மருந்தைப் போடவே கூடாது, துளிகூட, குழல் வெடித்துவிடும். பட்டறைக்குள் வரும் எந்தத் துப்பாக்கியிலும் கோலை உள்ளே விட்டு, காலியான குழலின் ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைஸில் கட்ட வேண்டும். பழைய துப்பாக்கி என்று வாங்கி வருவதில் மருந்தும் குண்டும் பல ஆண்டுகளாக உள்ளேயே இருக்கலாம்.

பென்சில்வேனியாவில் 1974இல் தொடங்கிய, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டுமான மான் வேட்டைப் பருவம் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருகிறது. தான் கட்டிய துப்பாக்கியோடு போக விரும்புகிறவர்கள் அதற்கு முன்பே சங்கத்தின் இலக்குத்திடலில் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு எவ்வளவு மருந்து, குண்டைச் சுற்றி வைக்க எவ்வளவு தடித்த துணி ஒத்துவருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 50 காலிபருக்கு நாம் .490 அங்குலக் குண்டில்தான் தொடங்குகிறோம், துணியின் கனத்தை ஒவ்வொரு குழலும் தானே சொல்லும்.

அடுத்த பருவத்துக்கான மேப்பிள் பலகைகளை மொத்தமாக வாங்கப்போகிறோம். பலகை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பிடி வரும் இடத்தில் மரத்தின் ஓட்டம் பிடியோடு சேர்ந்தே போக வேண்டும், குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். புலிவரி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இது சரியில்லாத பலகையை நான் வாங்கமாட்டேன். பலகை வேண்டியவர்கள் இன்றைக்குக் கூட்டம் கலைவதற்குள் பெயரும் குழலின் அளவும் கொடுத்துவிடுங்கள். வடிவத்தைப் பார்த்துச் சொல்லப்போகும் இரண்டு மூத்தவர்கள் யார் என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கலாம்.

செயலாளர்