உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

பொறுப்பற்ற சாரதிகள் பற்றிய தங்கள் ஆசிரியர் தலையங்கம் கண்டேன். கவனயீனத்தால் ஓர் உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை. சரி, உயிர் தப்பிவிட்டால்? பெரும்பாலும் தண்டப்பணத்தோடு விஷயம் முடிந்துபோகிறது. குற்றம் ஓட்டிய விதத்தில் இருக்கிறது. அடிபட்டவரின் அதிர்ஷ்டத்தை வைத்து அதை அளக்கக் கூடாது.

சென்ற வாரம் வெள்ளவத்தையில், காலி வீதி மஞ்சள் கடவையில் அம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்தேன். ஒரு கார் நின்று வழிவிட்டது. அதை முந்திக்கொண்டு, ஒன்றையொன்று துரத்தியபடி இரண்டு பஸ்கள் பாய்ந்தன. அம்மாவின் மரக்கறிப் பை வீதியில் சிதறியது; தக்காளிப்பழங்களை டயர் நசுக்கிப் போனது. அவருக்கு இன்னும் கை நடுங்குகிறது. கடவையில் முந்துவோரை நீதிமன்றத்தில் நிறுத்தி, சாரதி அனுமதிப்பத்திரத்தை உடனே இடைநிறுத்த வேண்டும்.

வாசகி,
வெள்ளவத்தை