கிடைக்காத சுருட்டின் விலை

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள நாகராஜனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மீனாட்சிக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் வீடு அமைதியாக இருக்கிறது. கடிதம் எழுத நேரமும் கிடைக்கிறது.

டொராண்டோவிலிருந்து உன் மருமகன் கொண்டுவந்த கொஹிபா சுருட்டின் விலையைக் கேட்டு அதிர்ந்துபோய், "காலமெல்லாம் விளம்பரக் கம்பெனியில் குப்பை கொட்டியவன் நீ, புகையிலையை இந்த விலைக்கு விற்க இவர்கள் என்னதான் மந்திரம் போடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். நான் சோப்பும் காபித் தூளும் விற்றவன். எங்கள் தொழிலில் முதல் பாடம், பொருள் எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் இருக்க வேண்டும் என்பது. உயர்தரச் சுருட்டு விற்பவர்கள் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர்கள். பொருளைக் கண்ணில் காட்டிவிட்டு, வாங்க வருபவனிடம் "இப்போது இல்லை" என்று சொல்வதில்தான் அவர்களுடைய வியாபாரத் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு.

உன் கையில் இருக்கும் கொஹிபாவையே எடுத்துக்கொள். கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த பெயரில்லாத சுருட்டின் மணம் காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப்போக, அதைச் சுருட்டியவரைத் தேடிப் பிடித்துத் தமக்கென்று செய்யச் சொன்னார் என்பது அதன் பிறப்புக் கதை. 1966-இல் அதற்கு கொஹிபா என்ற பெயர் வந்தது. ஹவானாவின் மேற்குப் பகுதியில் எல் லகீத்தோ என்ற பழைய மாளிகையில், பெரும்பாலும் பெண்களைக் கொண்டு அதைச் சுருட்டினார்கள். கடையில் விற்கவில்லை. காஸ்ட்ரோவின் சொந்த உபயோகத்துக்கும், வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் கொடுக்கும் பரிசுக்கும் மட்டுமே அது பயன்பட்டது. 1982-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது, அரசுத் தலைவர்களின் மேசையில் மட்டும் பார்க்க முடிந்த பொருள் என்ற பெயர் அதற்கு முன்பே உலகம் முழுவதும் பரவியிருந்தது. அப்படி ஒரு முன்னோட்டத்தை எந்த விளம்பரக் கம்பெனியாலும் காசு வாங்கிக்கொண்டு செய்து தர முடியாது. இத்தனைக்கும் அது விற்பனைக்கான திட்டமாகத் தொடங்கியதே இல்லை.

பொருளிலும் விஷயம் இல்லாமல் இல்லை. மற்ற கியூபச் சுருட்டுகளின் இலை இரண்டு முறை புளிக்கவைக்கப்படுகிறது என்றால், கொஹிபாவின் உள்ளிலைகளில் இரண்டு வகை மூன்றாவது முறையும் பீப்பாயில் போட்டுப் புளிக்கவைக்கப்படுகின்றன. 2010-இல் வந்த பெஹிகே வரிசையில் 'மெதியோ தியெம்போ' என்ற இலை சேர்கிறது; செடியின் உச்சியில், அதுவும் எல்லாச் செடியிலும் அல்லாமல் சிலவற்றில் மட்டும், முளைக்கும் சின்ன இலை அது. அதனால் அந்தச் சுருட்டு அரிதாக இருப்பதற்கு இயற்கையிலேயே ஒரு காரணம் உண்டு. ஆனால் விலையை இலை மட்டும் தீர்மானிக்கவில்லை. 2022-இல் கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம், கொஹிபாவின் விலையை எல்லா நாடுகளிலும் மிக அதிகமாக இருந்த ஹாங்காங் விலைக்கு இணையாக ஒரேயடியாக உயர்த்தியது. அந்த ஆண்டு இலையின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை. சந்தையில் எந்தப் படியில் உட்கார வேண்டும் என்ற முடிவில்தான் மாற்றம்.

கியூபாவுக்கு மிகப் பெரிய விளம்பரதாரர் யார் என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் அமெரிக்க அரசு என்று சொல்வேன். 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி கியூபாவுடனான வர்த்தகத்துக்குத் தடை போட்டார். கையெழுத்திடுவதற்கு முந்தைய மாலை, அவருடைய பத்திரிகைச் செயலர் பியர் சாலிங்கரை அழைத்து, பெத்தி உப்மான் சுருட்டு ஓர் ஆயிரம் வாங்கி வைக்கச் சொன்னாராம். மறுநாள் காலை 1,200 கிடைத்துவிட்டது என்று சாலிங்கர் சொன்ன பிறகே மேசை இழுப்பறையிலிருந்து தடை ஆணையை எடுத்துக் கையெழுத்திட்டார் என்று சாலிங்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். உலகின் மிகப் பெரிய சுருட்டுச் சந்தையில் ஒரு பொருளை வாங்குவது சட்டவிரோதம் என்று ஆனதும், அதுவரை நல்ல சுருட்டாக மட்டும் இருந்தது ரகசியமாகக் கடத்தி வந்து பெருமையாகக் காட்டும் பொருளாக மாறிவிட்டது.

இதே தடையால் விளைந்த இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். 1960 செப்டம்பரில் கியூப அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கியது. பார்த்தாகாஸ், எச். உப்மான், மோன்தேகிறிஸ்தோ போன்ற பெயர்களுக்குச் சொந்தக்காரர்களாக இருந்த குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறின. தோட்டத்தையும் ஆலையையும் எடுத்துப்போக முடியாதவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு போனார்கள். விளைவாக, ஒரே பெயரில் இரண்டு சுருட்டுகள்: அமெரிக்காவுக்கு வெளியே விற்பது கியூபாவுடையது, அமெரிக்காவில் விற்பது டொமினிக்கன் குடியரசிலோ ஹோண்டுராஸிலோ செய்தது. கொஹிபா காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பின் பிறந்த பெயர் என்றாலும் அதுவும் தப்பவில்லை. 1981-இல் ஜெனரல் சிகார் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரைத் தன் பேரில் பதிவு செய்துகொண்டது. 1997-இல் தொடங்கிய வழக்கில், 2022-இல்தான் அந்தப் பதிவை ரத்து செய்யும்படி அமெரிக்க வர்த்தக முத்திரை வாரியம் முடிவெடுத்தது. உடனே நிறுவனம் நீதிமன்றப் படியேறிவிட்டது. இலை, மண், சுருட்டும் கை எதுவும் பொதுவாக இல்லாத இரு பொருள்கள் ஒரு பெயருக்காக இத்தனை காலம் சண்டையிட்டிருக்கின்றன என்றால், வாடிக்கையாளன் காசு கொடுத்து வாங்குவது எதை என்று நீயே யோசித்துப் பார்.

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த மனிதர் ஸினோ டேவிடாஃப். இன்றைய உக்ரைனில் பிறந்து, ஜெனீவாவில் அப்பாவின் புகையிலைக் கடையை எடுத்து நடத்தியவர். 1940-களில், கியூபாவின் ஓயோ தெ மோன்தெரே ஆலையில் செய்வித்த சுருட்டு வரிசைக்கு ஷாட்டோ லாத்தூர், ஷாட்டோ மார்கோ என்று பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் தோட்டங்களின் பெயர்களை வைத்தார். சுருட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத பணக்காரருக்கும் அந்த ஒயின்களின் தரவரிசை தெரியும். அந்த மரியாதையை அப்படியே இந்தப் பெட்டிக்குள் இறக்கிவிட்டார். முன்பின் தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த ஒன்றின் அந்தஸ்தை இரவல் வாங்கிக் கொடுப்பதை நாங்களும் காபித் தூளுக்குச் செய்து பார்த்திருக்கிறோம். இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

பின்பு 1968-இலிருந்து டேவிடாஃப் பெயரிலேயே கியூபாவில், அதே எல் லகீத்தோவில், சுருட்டு தயாரானது. தரம் பற்றியும் பெயர் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் இரு தரப்புக்கும் தகராறு முற்றியபோது, 1989-இல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. தன் பெயருக்குத் தகுதியில்லாதவை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளை எல்லோரும் அறியத் தீயிட்டுக் கொளுத்தியது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் தயாரிப்பு முழுவதும் டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது. கியூபாவை விட்டு வெளியேறினால் மதிப்பு போய்விடும் என்று மற்றவர்கள் நடுங்கிய காலத்தில், 'எங்கள் தரத்துக்குக் கியூபாவே எட்டவில்லை' என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெயரும் எளிமையான அந்த வெள்ளை வளையமும் நிலைத்துவிட்டன. எரிந்த சரக்கின் விலையை விளம்பரச் செலவாகக் கணக்கெழுதியிருந்தால், நான் பார்த்த எந்த விளம்பரத்தையும் விட அது மலிவு.

இந்தப் பொறுமை எல்லோருக்கும் இருந்ததில்லை. 1992-இல் நியூயார்க்கில் 'சிகார் அஃபிசியனாடோ' என்ற பத்திரிகை தொடங்கி, ஒவ்வொரு சுருட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தது. அட்டையில் நடிகர், நடிகைகள், ஒரு தடவை காஸ்ட்ரோ. (அவர் 1985-லேயே புகைப்பதை விட்டுவிட்டவர் என்பது வேறு விஷயம்.) அமெரிக்காவுக்குள் வரும் உயர்தரச் சுருட்டுகள் 1992-இல் சுமார் 10 கோடியாக இருந்தது 1997-இல் 40 கோடியைத் தாண்டியது. யாரும் கேள்விப்படாத பெயர்களில், சரியாகப் பதப்படாத இலையைச் சுருட்டி, ஸ்பானிய வாசனையுள்ள ஒரு சொல்லையும் தங்க நிற வளையத்தையும் மாட்டிச் சந்தையில் கொட்டினார்கள். மறு வருடமே சந்தை சரிந்து, கிட்டங்கிகளில் சரக்கு தேங்கியது. அந்த அலையில் நிமிர்ந்து நின்றவர்கள் கையை இறுக்கிப் பிடித்திருந்தவர்கள்தாம். டொமினிக்கன் குடியரசில் சுருட்டு செய்யும் ஃபுவெந்தே குடும்பம் 1995-இல் ஓபஸ் எக்ஸ் சுருட்டை வெளியிட்டபோது, அதை அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கடைகளுக்கு மட்டும், அதுவும் சொற்பமாகவே, கொடுத்தது. கியூபாவிலிருந்து அகதியாக மயாமிக்கு வந்து, யாரோ கொடுத்த சின்னச் சுத்தியலை வைத்துத் தச்சு வேலை பார்த்துப் பணம் சேர்த்த ஹோசே பத்ரோன், 1964-இல் தொடங்கிய கடையின் முப்பதாவது ஆண்டுக்கு ஒரு சுருட்டு வெளியிட்டார். கள்ளச் சரக்கைத் தடுக்க ஒவ்வொன்றின் மேலும் தனி எண் அச்சிட்ட இரண்டாவது வளையம் உண்டு. சுத்தியல் கதை உண்மையாக இருப்பதால்தான் அது இத்தனை காலம் தாங்குகிறது.

கதை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உதாரணமாக உன் வீட்டருகே யாரிடமாவது மோன்தேகிறிஸ்தோ பெட்டி இருந்தால் பார். மஞ்சள் அட்டை, நடுவே ஆறு வாள்கள் முக்கோணமாகக் குறுக்கிட்டு, உள்ளே ஒரு லில்லிப் பூச்சின்னம். சுருட்டின் வளையமோ எளிமையான பழுப்பு நிறக் காகிதம். 1865-இலிருந்து ஹவானா ஆலைகளில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை உட்காரவைத்து, வேலை நேரத்தில் நாளிதழும் நாவலும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க விரும்பிய, பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் நாவலின் பெயரே 1935-இல் இந்தச் சுருட்டுக்கு வைக்கப்பட்டது. தொழிலாளியின் பொழுதுபோக்கு முதலாளியின் சொத்தாக மாறிய இந்த இடத்தில் எனக்கு லேசான கசப்பு உண்டு. ஆனால் அழகான பெயர் என்பதை மறுக்க முடியவில்லை.

இவ்வளவு கதைக்குள்ளும் வாய்ப்புற்று, தொண்டைப்புற்று என்ற சொற்கள் மட்டும் வரவே வராது. கையால் செய்தது, இலை மட்டுமே, குடும்பப் பாரம்பரியம் என்ற பேச்சுக்குள் சுருட்டு சிகரெட்டைப் போல் இல்லை என்ற எண்ணம் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே பெரிய ஏழு சுருட்டுக் கம்பெனிகள் பெட்டியிலும் விளம்பரத்திலும் உடல்நல எச்சரிக்கை போட ஒப்புக்கொண்டது 2000-இல்தான். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையே தடுத்துவிட்டது. அதனால் உன் மருமகனிடம், பெட்டி அழகாக இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று என் சார்பில் சொல்.

கடைசியாக, நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கும் ஒன்று. திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன்வரை அறியப்பட்ட பெயர். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றும் 1887-ஆம் ஆண்டு நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து இது 'திரிச்சினாப்பொலி' என்று அவர் சொல்லிவிடுகிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனிக்குப் பெரிய சுருட்டு ஆலையே இருந்தது. இருந்தும் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமாகவில்லை. யார் வேண்டுமானாலும் திருச்சிச் சுருட்டு என்று விற்றார்கள், எங்கும் கிடைத்தது, விலை மலிவாகவே நின்றது. கியூபாவிலோ 1889-இலேயே ஸ்பானிய அரசு பெட்டிகளின் மேல் உத்தரவாத முத்திரை ஒட்டும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டது. 1912-இல் குடியரசு அதைச் சட்டமாக்கியது. இன்றும் கியூபப் பெட்டியின் விளிம்பில் அந்தப் பச்சைச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

உன் தாய்மாமா வீட்டில் உறையூரில் சுருட்டு சுற்றிக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கட்டுகளின் மேல் ஏதாவது சீட்டு ஒட்டினார்களா, அதில் ஆளின் பெயர் இருந்ததா, ஊரின் பெயர் மட்டுமா, படம் ஏதாவது அச்சிட்டார்களா என்று உன் மாமா பிள்ளைகளிடம் விசாரித்து எழுது. பழைய சீட்டு ஒன்று பரணில் கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. உன் மனைவிக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும்.

அன்புடன்,
சபாபதி