‘கலந்துகொண்டது’ என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஸ்டாலின்கிராடும் நார்மண்டியும் கண்முன் நிற்கின்றன. நம் நாட்டுக்குக் கிடைத்தது மட்டும் ஒரே வரி: ‘1939இல் இந்தியாவும் போரில் கலந்துகொண்டது.’ கலந்துகொள்வது என்றால் பத்திரிகை வைத்த கல்யாணத்துக்கு நாமாகக் கிளம்பிப் போவது. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். அந்த வினைச்சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1939 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியுடன் போர் என்று லண்டனில் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் சொன்னார். அன்றே இங்கே வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்துவிட்டார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. எட்டு மாகாணங்களில் மந்திரிசபை நடத்திக்கொண்டிருந்த காங்கிரஸைக் கேட்கவில்லை. முஸ்லிம் லீக்கையும்தான். ஏறக்குறைய 39 கோடிப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள், ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

அதே பேரரசில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கனடா தன் பார்லிமெண்டைக் கூட்டிப் பேசி, ஒரு வாரம் கழித்து 10ஆம் தேதிதான் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஹெர்ட்ஸாக் நடுநிலை வேண்டும் என்றார். சபையில் 67க்கு 80 என்று தோற்றார், பதவி போய் ஸ்மட்ஸ் வந்தார். (ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள், அது வேறு கதை.) அயர்லாந்து கடைசிவரை ஒதுங்கியே இருந்தது. இவர்களைப் பற்றி ‘கலந்துகொண்டார்கள்’, ‘கலந்துகொள்ளவில்லை’ என்று தாராளமாக எழுதலாம்.

‘அப்படியானால் ஹிட்லரை எதிர்க்க வேண்டாம் என்கிறீர்களா?’ என்று யாராவது கேட்கலாம். இல்லை. கேட்டிருந்தால் நம்மவர்கள் அநேகமாகச் சரி என்றே சொல்லியிருப்பார்கள், வேதனையே அதுதான். அறிவிப்புக்கு மறுநாள் சிம்லாவில் வைஸ்ராயைப் பார்த்த காந்தி, தன் அனுதாபம் இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கம்தான் என்றார். லண்டன் பார்லிமெண்ட் கட்டடம் குண்டில் இடியும் காட்சியை நினைத்துக் கண் கலங்கினார். நேரு அதற்கு முந்தைய வருடமே ஸ்பெயினுக்குப் போய் ஃபாசிஸ்டுகளை எதிர்த்தவர்கள் பக்கம் நின்றுவிட்டு வந்தவர். போர் வெடித்தபோது சீனாவில் இருந்தார், பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். இவர்களா ஹிட்லருக்குக் குறுக்கே நின்றிருக்கப் போகிறார்கள்? செப்டம்பர் 14இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி கேட்டது இவ்வளவுதான்: ஜனநாயகத்துக்காகப் போர் என்கிறீர்களே, அது எங்களுக்கும் உண்டா? அக்டோபரில் வைஸ்ராய் தந்த பதில் வழவழா கொழகொழா.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். அக்டோபர் கடைசியில் மந்திரிசபைகள் ராஜினாமா செய்யத் தொடங்கின, சென்னையில் ராஜாஜியும் இறங்கினார். காலியான மைதானத்தில் லீக் வளர்ந்தது. டிசம்பரில் ஜின்னா, காங்கிரஸ் ஆட்சி போனதற்கு ‘விடுதலை நாள்’ கொண்டாடச் சொன்னார், 1940 மார்ச்சில் முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்ட லாகூர்த் தீர்மானம் வந்தது. பிரிவினைக்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் லின்லித்கோ தலையில் போடமாட்டேன். ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் எடுத்தது வெள்ளைக்கார கவர்னர். போரில் நமக்கு வந்த லாபம் என்று என் வகுப்பில் ஒரு பையன் அதைத்தான் எழுதினான். மதிப்பெண் போட்டேன்.

ராணுவம் சுமார் 2 லட்சத்திலிருந்து 25 லட்சமாகப் பெருத்தது. ஏறக்குறைய 87,000 பேர் திரும்பவில்லை. எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்று புத்தகங்கள் சொல்லும். சம்பளத்தோடு மூன்று வேளைச் சோறும் தரும் ஒரே வேலை அதுவாக இருந்தால், ‘விரும்பி’ என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துத்தான் போடவேண்டும்.

ஆனால் சாவு போர்க்களத்தோடு நிற்கவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் வந்தால் பயன்படுத்திக்கொள்வான் என்று கிழக்கு வங்காளக் கடலோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைச் சர்க்காரே பறித்தது, உடைத்தது. அங்கே மீன்பிடிப்பும் வியாபாரமும் படகில்தான். கையிருப்பு அரிசியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். போதாக்குறைக்கு அக்டோபரில் புயல். 1943இல் வங்காளத்தில் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம் என்கிறார்கள். போருக்காக இங்கே வாங்கிய சாமானுக்கு லண்டனில் கடன் எழுதிவைத்தார்கள். அந்தக் கடனைக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். விலைவாசி ஏறியதற்கு முக்கியக் காரணம் அது. போர் முடிந்தபோது அந்தப் பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. கடன் கொடுத்த ஊரில்தான் பட்டினி.

சென்னையும் தப்பவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு விழுந்ததும், அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி செய்யலாம் என்றார்கள். ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவே இல்லை. எங்கள் பக்கத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி பஸ் ஓடியது. பின்னால் அடுப்புப் போல ஒரு உருளை, அதில் கரியைக் கொட்டி, புறப்படும்முன் ஒருவன் வியர்க்க வியர்க்கக் கைப்பிடியைச் சுற்றுவானாம். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும்.

என் அம்மாவின் அப்பா பர்மாவில், பெகு ஊரில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். 1942 தொடக்கத்தில் மண்டலே போய், தமு வழியாக மலை ஏறி மணிப்பூருக்குள் நடந்து வந்தார். அப்படிப் பர்மாவிலிருந்து கிளம்பியவர்கள் சுமார் 5 லட்சம், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல ஆயிரம். நல்ல பாதை வெள்ளைக்காரர்களுக்கு, மற்றவர்களுக்கு வேறு பாதை என்ற புகார் அப்போதே எழுந்தது. தாத்தா அதைப் பற்றியெல்லாம் பேசமாட்டார். அவரிடம் நான் பார்த்தது ஒன்றுதான். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘காய்ச்சினதா?’ என்பார். சம்பந்தி வீட்டிலும் கேட்பார், ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் கேட்பார். இல்லை என்றால் செம்பைக் கீழே வைத்துவிடுவார். சாகும்வரை இந்தப் பழக்கம் போகவில்லை. அவரும் 1939இல் போரில் ‘கலந்துகொண்டவர்’தான், உங்கள் கட்டுரைப்படி.

கட்டுரை தொடராக வரப்போகிறது என்று போட்டிருக்கிறீர்கள். புத்தகமாக்கும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். ‘இழுத்துவிடப்பட்டது’ என்றால் போதும், அடிக்குறிப்புக்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை.

பி.கு.: ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டதையும் இந்தப் போரில் சேர்த்திருக்கிறீர்கள். அது முதல் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தப் போருக்கும் நம்மை யாரும் கேட்கவில்லை. சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில். எங்கள் தெருவில் இன்றைக்கும் கெட்டிக்காரப் பையனைப் பார்த்தால் ‘எமகாதகன், எம்டன்’ என்பார்கள். அந்தப் பையனும் 1914ஐப் பற்றிக் கேட்டதில்லை, சொல்பவர்களுக்கும் தெரியாது.